பின்னால் வருபவருக்கு ஒதுங்காதீர்கள்: முதல் ட்ராக் டேக்குப் போகும் தம்பிக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்னையில் உள்ள நண்பர்களோடு சேர்ந்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஒரு ட்ராக் டேக்குப் (காசு கட்டி, பந்தயம் இல்லாமல், பந்தய ட்ராக்கில் பைக் ஓடிப் பார்க்கிற நாள்) பெயர் கொடுத்திருக்கிறாராம். ஓடப்போவது யமஹா ஆர் 15. அதே குழுவில் 600, 1000 சிசி பைக்குகளும் வரக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். "பின்னால பெரிய பைக் வந்தா எந்தப் பக்கம் விலத்த வேணும்? என்னை விட மெதுவா ஓடுறவரை எங்க வைச்சு முந்தலாம்? முந்தினாப் பிறகு கை காட்ட வேணுமோ?" என்பது அவருடைய கேள்வி. லண்டனில் இருந்த காலத்தில் நான் பல வருடம் ட்ராக் டேகளில் ஓடியவன், பிறகு புதியவர்களோடு பயிற்றுநராகவும் ஓடியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதற் கேள்விக்குப் பதில் சின்னது. எந்தப் பக்கமும் விலத்த வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது மனதில் ஏறுவது கஷ்டம், ஏனென்றால் நாங்கள் வளர்ந்த றோட்டு வேறு மாதிரி. ஏ9 றோட்டில் பிரைவேற் பஸ்ஸும் இ.போ.ச. பஸ்ஸும் போட்டி போட்டுக்கொண்டு வரும்போது பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டால் போதும், சைக்கிள்காரர், ஸ்கூட்டிக்காரர் எல்லோரும் இடது கரைக்கு இறங்கி மண்ணில் ஓடுவார்கள். ஒதுங்குவது சின்ன வாகனத்தின் கடமை, வழி கேட்பது பெரிய வாகனத்தின் உரிமை. சரியோ பிழையோ, அந்த முறையில்தான் எங்கள் கையும் காலும் பழகியிருக்கிறது. ட்ராக்கில் இது அப்படியே தலைகீழ். முந்துகிறவர்தான் முழுப் பொறுப்பு. முன்னால் போகிறவருக்கு ஒரே வேலை: தான் போகிற கோட்டில், பின்னால் இருப்பவர் எதிர்பார்க்கிற மாதிரியே போய்க்கொண்டிருப்பது.

காரணம் வேகத்தில் இருக்கிறது. நீங்கள் நேரான பகுதியில் 120 இல் போகிறீர்கள், பின்னால் 1000 சிசி பைக் 200 இல் வருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் மணிக்கு 80 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 22 மீற்றர். அவர் 100 மீற்றர் பின்னால் இருந்தால் நாலரைச் செக்கனில் உங்களைத் தாண்டிவிடுவார். உங்களை எந்தப் பக்கத்தால் கடப்பது என்று அவர் தீர்மானிப்பது அதற்கும் முன்னாலேயே, நீங்கள் அந்த நேரத்தில் நிற்கிற இடத்தைப் பார்த்து. அவர் சத்தம் உங்கள் காதில் விழும்போது அவர் ஏற்கெனவே ஒரு பக்கத்தைப் பிடித்தாயிற்று. அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் பக்கம் அசைந்தாலும் சரி பாதி வாய்ப்பு அவருடைய பாதைக்குள் போகிறீர்கள். ட்ராக்கில் பைக் கண்ணாடிகளைக் கழற்றிவிடுவார்கள் அல்லது டேப் ஒட்டி மூடிவிடுவார்கள். ஆகவே அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து ஒதுங்கவும் முடியாது. தலையைத் திருப்பிப் பார்ப்பது இன்னும் மோசம். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் பைக்கும் இழுபடும்.

இதை நேரில் பார்த்தது பிரான்ட்ஸ் ஹட்ச்சில். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கிற பழைய ட்ராக் அது, அதன் சின்னச் சுற்று 2 கிலோமீற்றர்கூட இல்லை. மேட்டில் டுரூயிட்ஸ் என்று ஒரு கொண்டை ஊசி வளைவு. அது முடிந்ததும் றோட்டு சடாரென்று கீழே இறங்கி கிரஹாம் ஹில் என்ற இடது வளைவுக்குள் போகும். இணுவிலில் வளர்ந்து லண்டனுக்குப் படிக்க வந்த என் மருமகன் ஒருவன் அன்று புதியவர்கள் குழுவில் ஓடினான். இறக்கத்தில் அவன் சரியான இடத்தில்தான் இருந்தான்: இடது வளைவுக்கு ஆயத்தமாக வலது விளிம்பில். பின்னால் வந்த பெரிய பைக்காரர் காலியாகக் கிடந்த இடது பாதியால் பிரேக் பிடிக்கும் இடத்துக்கு முன்னரே கடந்துவிடலாம் என்று வந்தார். அதுவும் சரியான முடிவுதான். சத்தம் கேட்ட உடனே எங்கட பெடியன் கே.கே.எஸ். றோட்டில் செய்கிறதைச் செய்தான், இடது கரைக்கு இறங்கினான். பெரிய பைக்காரர் நிமிர்ந்து பிரேக்கை அழுத்தி, வளைவை விட்டு நேரே புல்லுக்குள் போய்த்தான் தப்பினார். விழவில்லை. பிட்டுக்கு, அதாவது ட்ராக் ஓரத்தில் பைக்குகள் வந்து நிற்கும் இடத்துக்கு, வந்ததும் கேட்டேன்.

"மாமா, அவர் வேகமா வாறார் எண்டு கேட்டுது. அதான் கரைக்குப் போனனான்."

"அந்தக் கரை காலியா இருந்தபடியால்தான் அவர் அந்தக் கரையால வந்தவர்."

பெடியனுக்கு முகம் வெளிறிப்போச்சு. மரியாதையாக நடந்துகொண்டோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான்.

கோட்டைப் பிடித்து ஓடுவது என்றால் பந்தயக்காரரின் சரியான கோடு வேண்டும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் கோடு கொஞ்சம் கோணலாக இருக்கலாம். ஒவ்வொரு சுற்றும் அதே கோணலாக இருந்தால் போதும். பின்னால் வருபவர் இரண்டு வளைவு உங்களைப் பார்த்தாலே உங்கள் பழக்கம் அவருக்குப் பிடிபட்டுவிடும்: இவர் எங்கே பிரேக் பிடிப்பார், எங்கே திரும்புவார், வெளியேறும்போது எவ்வளவு அகலமாகப் போவார். பிடிபடாமல் ஓடுகிறவரைத்தான் எல்லோருக்கும் பயம். நேரான பகுதியில் நடு வழியில் அக்சிலேற்றரை விட்டுவிடுகிறவர், வளைவுக்குள் போய் நடுவில் இன்னொரு தடவை பிரேக் தொடுகிறவர், வெளி விளிம்பில் ஓடிவிட்டுத் திடீரென்று உள்ளே வெட்டுகிறவர். மெதுவாக ஓடுகிறவரால் ஆபத்து இல்லை. உங்கள் ஆர் 15 மெதுவாகப் போவதைப் பற்றி அங்கே யாரும் குறை சொல்லமாட்டார்கள், தம்பி.

நீல நிறக் கொடி காட்டினால் "வேகமானவர் உங்களை நெருங்கிவிட்டார்" என்று அறிவிக்கிறார்கள். நின்று வழிவிடச் சொல்லவில்லை. மஞ்சள் என்றால் முன்னால் ஏதோ ஆபத்து, முந்தவே கூடாது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பச்சை வரும்வரை வரிசையாகப் போகவேண்டும். சிவப்பு என்றால் அந்த ஓட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது, முந்தாமல் மெதுவாகப் பிட்டுக்குத் திரும்புங்கள். சில இடங்களில் கொடி காட்டும் மார்ஷலிடம் நிற்கச் சொல்வார்கள், அதைக் காலைக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் சிவப்பும் கோடு கோடாக இருந்தால் றோட்டு வழுக்கும். கறுப்பு உங்களுக்குத்தான், உள்ளே வரச் சொல்கிறார்கள். கட்டம்போட்ட கொடி நேரம் முடிந்ததற்கு. அதைக் கண்டவுடன் பிரேக் அடித்துவிடாதீர்கள், பின்னால் வருபவர் அதை இன்னும் பார்த்திருக்கமாட்டார்.

இனி நீங்கள் முந்துவது.

ட்ராக் டே பந்தயம் இல்லை என்று எல்லா அமைப்பாளர்களும் காலையிலேயே சொல்வார்கள், பத்து மணிக்குள் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். எங்கள் மாட்டுவண்டிச் சவாரியில் சோடிகளைப் பக்கம் பக்கமாக விடுவது யார் முன்னுக்கு என்று பார்க்கத்தான், முந்துவதுதான் அங்கே முழு அலுவல். ட்ராக் டேயில் பரிசும் இல்லை, இடமும் இல்லை. இங்கிலாந்தில் பெரும்பாலான கார் ட்ராக் டேகளில் காப்புறுதிப் பிரச்சினையால் சுற்று நேரம் எடுக்கவே விடுவதில்லை. ஆகவே ஒருவரை இந்த வளைவில் கடக்காவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது, அடுத்த வளைவு இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைச் சுற்று 3.7 கிலோமீற்றர், 12 வளைவு. இடத்துக்குப் பஞ்சம் இல்லை.

மிக இலகுவானது நேரான பகுதி. முன்னால் போகிறவரின் பின் ரயருக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு போய்க் கடைசி நேரத்தில் வெளியே எடுக்கவேண்டாம். தூரத்திலேயே ஒரு பக்கமாக விலகி வந்து, கடந்த பிறகும் உங்கள் கோட்டுக்கு ஆறுதலாகத் திரும்புங்கள். கடந்த உடனே அவருக்கு முன்னால் வெட்டி பிரேக் பிடிப்பது மகா அநியாயம். பல பயிற்சிப் பள்ளிகளில் ஆறடி விதி ஒன்று வைத்திருக்கிறார்கள், கடக்கும்போது இரண்டு பைக்குக்கும் இடையில் ஏறத்தாழ 2 மீற்றர் இருக்கவேண்டும். பண்ணைப் பாலத்தில் பக்கத்துப் பைக்காரனோடு கதைத்துக்கொண்டு ஓடிப் பழகினவர்களுக்கு 2 மீற்றர் பெரிய இடைவெளியாகத் தெரியும். நூறில் வளைவுக்குள் சரிந்துகொண்டிருக்கிற, இன்றுதான் முதல் நாளாக வந்திருக்கிற ஒருவருக்கு அது சின்ன இடைவெளி.

உங்கள் பைக்குக்கு நேரான பகுதி உதவாது என்பதால் வளைவிலிருந்து வெளியேறும் இடத்தைப் பழகுங்கள். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது. வளைவுக்குப் போகும்போது அவரை நெருக்காமல் ஒன்றிரண்டு பைக் நீளம் பின்னால் விடுங்கள். அவரை விடக் கொஞ்சம் பிந்தித் திரும்பி, வளைவின் உள்விளிம்பைத் தொடும் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அப்போது அவர் இன்னும் சரிந்தபடி அகலமாகப் போய்க்கொண்டிருக்கும்போது உங்கள் பைக் நிமிரத் தொடங்கியிருக்கும், அக்சிலேற்றரை அவருக்கு முன்னரே திறக்கலாம். அந்த ஒரு நொடி முந்துதலில் அவருக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். அவருக்கு நீங்கள் எங்கே என்று கண்ணில் தெரியும், பயமும் இல்லை.

உள்பக்கத்தால் பிரேக் பிடித்து நுழைவது புதியவர்கள் குழுவில் பெரும்பாலும் தடை. தடை இல்லாவிட்டாலும் செய்யவேண்டாம். காரணத்தைப் பாருங்கள். திரும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில் முன்னவரின் கண் உள்விளிம்பில் இருக்கும், பைக்கும் அங்கேதான் வரும். நீங்களும் உள்ளே பிந்தி பிரேக் பிடித்து அதே புள்ளிக்குத்தான் வருகிறீர்கள். இரண்டு பைக், ஒரு புள்ளி, ஒரே நேரம். அவர் திரும்பத் தொடங்கும் முன்னரே நீங்கள் அவருக்கு முழுதாகப் பக்கத்தில் வந்திருக்காவிட்டால் அவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. தொலைக்காட்சியில் மோட்டோஜீபீ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைத்தான் முதலில் செய்து பார்க்கிறார்கள். அங்கே இருவரும் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த ஆபத்தை ஒத்துக்கொண்டவர்கள். இங்கே உங்களுக்கு முன்னால் போகிறவர் திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டிய மனிதர்.

அதிகம் எரிச்சல் தரப்போகிற ஆள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். 1000 சிசி வைத்திருப்பார், நேரான பகுதியில் இடிபோலப் போவார், வளைவு வந்ததும் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுவார். உங்கள் பைக் சுமார் 140 கிலோ, அவருடையது 200 கிலோ அளவில். வளைவில் நீங்கள் அவருடைய பின் ரயரை முட்டாத குறையாக நிற்பீர்கள். வெளியேறினதும் அவர் 200 குதிரைவலுவைத் திறந்துவிடுவார், உங்களிடம் இருப்பது 18. அடுத்த வளைவில் திரும்பவும் அதே கதை. இப்படி ஒரு முழு ஓட்டமும் வீணாகப் போகும். இருபது நிமிடம்கூட வராத ஓட்டம், அதற்குக் காசு கட்டி, பலாலியில் விமானம் ஏறி வந்திருக்கிறீர்கள்.

வளைவுக்குள் எப்படியாவது அவரைக் கடந்துவிட்டாலும் பயன் இல்லை. அடுத்த நேரான பகுதியில் அவர் திரும்பவும் கடப்பார், இப்போது இரண்டு பேருக்கும் சினம். அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பதில் இன்னொரு கெடுதியும் இருக்கிறது. கண் அவருடைய பின் ரயரில் ஒட்டிவிடும். அவர் பிரேக் பிடித்தால் நீங்களும் பிடிப்பீர்கள், அவர் அகலமாகப் போனால் நீங்களும் போவீர்கள். அவர் புல்லுக்குள் போனால் நீங்களும் பின்னாலேயே போகிற ஆபத்து நிசமாகவே உண்டு. அவரைத் தாண்டி, அவருக்கு அப்பால் இருக்கிற வளைவைப் பாருங்கள் என்று பயிற்றுநர்கள் தொண்டை வற்றக் கத்துவது இதற்காகத்தான்.

நான் சொல்கிற வழி, பிட் பாதைக்குள் போய்விடுவது. சுற்று முடிவில் கையைத் தூக்கிக் காட்டி, உள்ளே வந்து, பிட் பாதையின் வேகக் கட்டுப்பாட்டில் மெதுவாக ஓடி, வெளியேறும் இடத்தில் இருப்பவரிடம் "ட்ராஃபிக்" என்று ஒரு சொல் சொன்னால் அவருக்கு விளங்கும். இடைவெளி பார்த்து வெளியே விடுவார். அரை நிமிடம் போகும், மிச்ச ஓட்டம் முழுவதும் உங்களுக்கு வெறும் ட்ராக் கிடைக்கும். ரோசம் பார்க்கிறவர்கள் இதைச் செய்யமாட்டார்கள். கெட்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிறார்கள். அல்லது இடைவேளையில் அவரிடமே போய்ச் சொல்லலாம்: "அண்ணை, வளைவில நான் கொஞ்சம் வேகமா வாறன், ஒருக்கா நேரான பகுதியில அக்சிலேற்றரைத் திறக்காமல் விட்டீங்களெண்டா நான் போயிடுவன்." தமிழ்நாட்டுக்காரர் என்றால் "அண்ணா" என்று தொடங்குங்கள், மிச்சம் சிரிப்பில் சரிவரும். பெரும்பாலானவர்கள் சந்தோசமாக விடுவார்கள், தாங்கள் இடைஞ்சலாக இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மூன்றாவது வழி அமைப்பாளரிடம் சொல்லி வேறு குழுவுக்கு மாறுவது. மேலே போகத்தான் கேட்கவேண்டும் என்று இல்லை, எல்லோரும் உங்களை நெருக்கினால் கீழே போகவும் கேட்கலாம். பதிவு செய்யும்போது தன்னைப் பற்றிக் கூட்டிச் சொல்கிறவர்களால்தான் குழுக்கள் குழம்புகின்றன.

பிட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் கவனம். உங்கள் ரயர் குளிராக இருக்கும், ட்ராக்கில் இருப்பவர் முழு வேகத்தில் வருவார். வெளியேறும் கோடு ஒன்று வரைந்திருப்பார்கள், அதைத் தாண்டாமல் ஓரத்திலேயே போய், முதல் வளைவு கடந்த பிறகு கலவுங்கள். நுழையும்போதும் அப்படித்தான், முன்கூட்டியே கையைத் தூக்கவேண்டும் அல்லது ஒரு காலை வெளியே நீட்டவேண்டும். பைக்கில் ஏதாவது கோளாறு வந்து வேகம் குறைந்தாலும் இதே சைகைதான்.

கனடாவில், லண்டனில் கார் வைத்து ஓடுகிற சொந்தக்காரர்களிடம் கேட்டால் அவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள், குழம்பவேண்டாம். காருக்குக் கண்ணாடி உண்டு. பல இடங்களில் முன்னால் போகிறவர் கையால் பக்கத்தைக் காட்டி அனுமதி கொடுத்தால்தான் பின்னவர் கடக்கலாம், அதுவும் நேரான பகுதியில் மட்டும். காட்டினவர் அக்சிலேற்றரையும் கொஞ்சம் தளர்த்தவேண்டும், இல்லாவிட்டால் கை காட்டியும் பயனில்லை. பின்னால் மூன்று கார் நின்றால் மூன்று தடவை காட்டவேண்டும். அங்கேயும்கூடக் கை காட்டினவர் தன் கோட்டிலேயே நிற்பார், சுற்றி வருவது பின்னவர் வேலை. பைக்கில் ஒரு கையை விடுவது ஆபத்து என்பதால் இந்த முறை இல்லை.

போவதற்கு முன் இங்கே பழக வழி உண்டு. வடக்கில் ட்ராக் இல்லை, பண்ணையிலும் காரைநகர் றோட்டிலும் பின்னேரங்களில் பெடியள் செய்கிற விளையாட்டைப் பழக்கம் என்று எண்ணவேண்டாம். அனுமதி கேட்டு ஒரு வெறும் மைதானம் எடுங்கள். போத்தல்கள் நாலைந்தை வைத்துப் பெரிய வட்டம் ஒன்று போட்டு 25, 30 இல் ஒரே கோட்டில் சுற்றுங்கள். ஒரு நண்பரைப் பின்னால் விட்டு, அவர் விரும்பின நேரத்தில் விரும்பின பக்கத்தால், 2 மீற்றர் விட்டுக் கடக்கச் சொல்லுங்கள். அவர் அக்சிலேற்றரை முறுக்கிச் சத்தம் காட்டட்டும். உங்கள் கோடு அசையாமல் இருக்கிறதா என்று மண்ணில் விழுந்திருக்கிற ரயர்த் தடமே காட்டும். முதலில் தடம் பாம்பு போனமாதிரி இருக்கும். ஒரு பின்னேரத்திலேயே சீராகிவிடும். றோட்டில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், அங்கே கண்ணாடி பார்த்து, பஸ் வந்தால் ஒதுங்கித்தான் ஆகவேண்டும்.

கடைசிக் கேள்வி, கை காட்டுவது. முந்தினதும் நன்றிக்குக் கை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு கையை எடுப்பது தேவையில்லாத வேலை, தூக்கிய கையைப் பின்னால் வருபவர் "இவர் பிட்டுக்குள் போகப்போகிறார்" என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். இரண்டு கையும் ஹான்டிலில் இருக்கட்டும். பிட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றின பிறகு ஆளைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள், பிளேன்ரீ ஒன்றும் வாங்கிக் கொடுக்கலாம்.